அதிகம் வாசிக்கப்படாத கிடார்

1

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பீரோவுக்கு மேலிருந்து ஒரு முனகல் கேட்கும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. அங்கே கிடக்கிற கிடாரின் கம்பிகள் விசில் சத்தத்துக்குத் தாமாகவே அதிர்ந்து, 'ம்ம்ம்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கும். செம்பூருக்குக் குடிவந்த புதிதில் பயந்துதான் போனேன். இப்போது அந்த முனகலைக் கேட்டுப் பருப்பை இறக்குகிற அளவுக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். ஒவ்வொரு முனகலுக்கும் ஜெமி அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பீரோ மேலே பார்ப்பார். பிறகு தன் இடது கையைப் பார்ப்பார். பிறகு மறுபடியும் பேப்பர். ஜெமி அப்பா என்றால் என் வீட்டுக்காரர். இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் அவர் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுத மட்டும் கை வந்துவிடுமா? ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அது புரியும்.

தாராவியில் தோல் பை செய்கிற பட்டறையில் அவருக்கு வேலை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தோல் வெட்டுகிற பிரஸ் மெஷினில் இடது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல் கணு போய்விட்டது. யார் மேலும் குற்றமில்லை, ஒரு நொடி கண் அசந்துவிட்டார். பட்டறை முதலாளி நல்ல மனுஷன், பேக்கிங் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். சாப்பிடுகிற கை நன்றாக இருக்கிறதே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று ஊரிலிருந்து போன் பண்ணினவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். கிடாரில் கம்பியை அழுத்திப் பிடிக்கிறது இடது கைதான் என்று நான் யாருக்குப் போய் விளக்குவது?

அதற்குப் பிறகு வந்த டிசம்பர்களில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு அவர் போகவில்லை. கிடார் இல்லாவிட்டால் என்ன, கூட நின்று பாடலாமே என்றால், தொண்டை கட்டியிருக்கு என்பார். வருஷக்கணக்கிலா ஒருத்தருக்குத் தொண்டை கட்டும்? சர்ச்சிலும் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார், புறப்படத் தோதாக. வீட்டில் குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்லை. இந்த மனுஷன் இப்படியே பாட்டில்லாத ஆளாக முடிந்துபோவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னதும் அதனால் நான்தான். கண்ணில் படாமல் இருந்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

2

நான் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தது ஒரு ஜூன் மாத மழையில். எங்கள் ஊர் நாசரேத் பக்கம். அங்கே கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் தெருவை அடைத்துக்கொண்டு, கை வீசி நடந்து வருவார்கள். தாராவியில் எங்களுக்குக் கிடைத்த வீடு இருந்த சந்தில், எதிரே ஒரு ஆள் வந்தால் நாம் திரும்பிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் கேனோடு வந்தால் பின்னாலேயே நடந்து சந்து முனைக்குப் போய்விட வேண்டியதுதான். வானம் என்று பார்த்தால் ரெண்டு தகரத்துக்கு நடுவே ஒரு ரிப்பன் அகலத்துக்குத் தெரியும். அந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே முதல் ஆறு மாசத்தை ஓட்டினேன்.

அந்த டிசம்பரில் ஒரு சாயங்காலம் தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. சத்தம் ஒரு சந்துக்குள் நுழைந்து மங்கும், இன்னொரு சந்தில் பிறந்து வரும். எங்கே இருக்கிறார்கள் என்றே பிடிபடாது. தூக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வளைவில் கிடாரின் தலைதான் தெரிந்தது. மேலே வெள்ளித்தாளில் ஒட்டின நட்சத்திரம், கீழே முறுக்குகிற ஆறு சாவி, அதற்கப்புறம் நீளமாகக் கழுத்து. அதெல்லாம் வந்து முடிந்த பிறகுதான் மனுஷன் வந்தார்.

கிடாரைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அந்தச் சந்தில் நடக்க முடியாது. அதனால் ஜெமி அப்பா அதை நட்டக்குத்தலாக, குழந்தையை நெஞ்சில் சாய்த்துத் தூக்குகிற மாதிரி பிடித்து வாசிக்கப் பழகியிருந்தார். பட்டறையில் மிஞ்சின தோலில் அதற்கென்று கட்டையாக ஒரு வார் தைத்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். சுவரில் உரசி உரசிக் கிடாரின் ஓரமெல்லாம் வார்னிஷ் போய் வெள்ளைக் கட்டை தெரியும். கிடாரை இப்படிப் பிடிக்கவே கூடாது என்று மாட்டுங்காவில் கிடார் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருத்தர் அவரிடம் சொன்னாராம். உங்க ரோடு அகலம், நீங்க குறுக்கப் புடிங்க என்று இவர் சொல்லிவிட்டு வந்தாராம்.

கல்யாணமான ஆறாவது மாசம், சொந்த வீட்டு வாசலில் நின்று பாடுகிறார், என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பெண்டாட்டியைப் பார்த்தால் கேலி பண்ணுவார்களே. பாட்டு முடிந்து எல்லோரும் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்கள். இவர் மட்டும் நின்று, தரையைப் பார்த்தபடி ஒரே ஒரு தடவை கூடுதலாக மீட்டிவிட்டுப் போனார். வேறு எந்த வாசலிலும் அப்படி மீட்டவில்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும். அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

செம்பூருக்கு வந்த பிறகு, கையில் அடிபடுகிற வரைக்கும், கிடார் வருஷத்தில் ஒரு மாசம்தான் கீழே இறங்கும். அக்கம்பக்கம் பாதி மராத்தி, பாதி குஜராத்தி, சத்தம் போட்டால் சொசைட்டி செக்ரட்டரி மாடியேறி வந்துவிடுவார். இங்கே ஹால் நீளமாகக் கிடக்கிறது. ஆனாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை நட்டக்குத்தலாகத்தான் பிடிப்பார். இவ்வளவு இடம் கிடக்கே, சாய்த்துப் பிடித்து வாசியுங்களேன் என்பேன். நேராகப் பிடித்தால்தான் பாட்டு வருகிறது என்பார்.

3

இந்த வருஷம் கல்யாண நாளன்று மகள் ஜெமி கேக் வாங்கி வந்தாள். வாஷியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. சர்ச் பாட்டை ஆங்கில எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு பாடுகிறாள். நான் எழுதுகிற இதையும் அவள் படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாலு விஷயம் எழுதுகிறேன். கேக் வெட்டும் நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது, கிடார் முனகியது, அவர் அண்ணாந்து பார்த்தார். அதை ஜெமியும் பார்த்துவிட்டாள்.

அவர் கை கழுவப் போனதும், "மம்மி, தீன் ஆப்ஷன் ஹை" என்று ஆரம்பித்தாள், மூணு வழி இருக்கிறதாம். அப்படியே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இடது கைக்காரர் வாசிக்கிற மாதிரி மாற்றிவிடலாம், டாடி வலது கையால் கம்பியை அழுத்தி இடது கையால் மீட்டட்டும். ரெண்டும் வேண்டாமென்றால் விற்றுவிடலாம். அவள் ஆபீசில் இப்படித்தான் பேசுவாள்போல.

அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. பம்பாய் மழைக்கு ஒவ்வொரு வருஷமும் தோல் வாரில் பச்சைப் பூஞ்சை பிடிக்கிறது. நான் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன், அடுத்த வாரம் மறுபடியும் பிடிக்கிறது. கம்பி துருவேறுகிறது. வைத்துக்கொள்வது என்பது கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதுதான், அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

மாற்றித்தான் பார்ப்போமே என்று சனிக்கிழமை கிடாரை நானே தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் புறப்பட்டேன். அங்கே சேலைக் கடைகளுக்கு நான் சேலையின் அடி ஓரத்தில் ஃபால்ஸ் துணி வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன், தைத்த சேலைகளைக் கொடுக்கப் போகிற நாள் அது. குர்லாவில் ரயில் மாறி லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில் ஏறினால், சேலை மூட்டையும் கிடாருமாக நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண், ஆன்ட்டி, நீங்கள் வாசிப்பீர்களா என்று ஹிந்தியில் கேட்டாள். என் ஆள்தான் வாசிப்பார் என்று நானும் ஹிந்தியில்தான் சொன்னேன். எத்தனை வருஷமானாலும் அந்த பாஷையில் ஆணைப் பெண்ணாக்கிவிடுகிறேன், டப்பாவே சிரித்தது. சிரித்துவிட்டு, உட்கார இடமும் கொடுத்தார்கள்.

ரிப்பேர்க் கடைக்காரர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பிகளைத் தலைகீழ் வரிசையில் கட்டலாம், கம்பி உட்காருகிற எலும்புத் துண்டை மாற்றிப் போடணும், அடியில் கொஞ்சம் செதுக்கணும், அதற்கப்புறம் வலது கைக்காரர் யாரும் இதைத் தொட முடியாது, யோசித்துச் செய்யுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று சந்தோஷமாக வீடு வந்து அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"பீச்சாங்கையால மீட்டச் சொல்லுதியா? அதுவும் ஆண்டவர் பாட்ட?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருசமா ஆண்டவர் பாட்டுக்கெல்லாம் கம்பிய அமுக்கிப் புடிச்சது எந்தக் கையாம்?" என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "அது புடிக்கிற கை, எஸ்தரு. மீட்டுறது குடுக்கிற கை. ஒருத்தருக்கு ஒண்ணக் குடுக்கணும்னா இடதால குடுப்பியா?"

என்னைக் கேட்டால், கடையில் சில்லறை கொடுக்கக்கூட எனக்கு இடது கை நீளாது. பஸ்சில் இடது கையால் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கண்டக்டரைப் பார்த்து முகம் சுளித்தவள்தான் நானும். மகளுக்கு இது விளங்காது. எங்கள் ரெண்டு பேருக்கும் விளங்கிவிட்டது, அதுதான் கஷ்டம். மாற்றுகிற யோசனை அன்றோடு போயிற்று.

"வித்துரு" என்றார் அவரே. ஜெமி அன்றைக்கே போட்டோ எடுத்துப் போனில் விளம்பரம் போட்டாள். என்ன எழுதியிருக்கிறாய், படி என்றேன். ஆங்கிலத்தில் எழுதினதைத் தமிழில் சொன்னாள். அதிகம் வாசிக்கப்படாத கிடார், நல்ல நிலையில். எனக்குச் சுருக்கென்றது. தாராவியில் இது உரசாத சுவர் உண்டா, இது நுழையாத சந்து உண்டா, அதிகம் வாசிக்காததாமே என்று சத்தம் போட்டேன். எல்லோரும் அப்படித்தான் மம்மி போடுவார்கள், உண்மையை எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்றாள்.

4

தேவ்நாரிலிருந்து நஸீர் பாய் என்று ஒருத்தர் பார்க்க வந்தார். பைகளுக்கு ஜிப், பக்கிள் சப்ளை பண்ணுகிற வியாபாரி, சொந்த ஊர் காயல்பட்டினம் பக்கம். மகள் பரீட்சையில் தேறினால் கிடார் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். கொட்டுகிற மழையில் பஸ் மாறி வந்திருந்தார். துண்டு கொடுத்தேன். துவட்டிக்கொண்டே கிடாரைப் பார்த்தார்.

"ரொம்ப வாசிக்கலைன்னு போட்டிருந்துச்சு. இது என்ன இவ்வளவு சிராய்ப்பு?"

ஜெமி என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜெமி அப்பாதான் சந்து விஷயத்தை எடுத்துச் சொன்னார். பாய் சிரித்துவிட்டார், அவருக்கும் அந்தச் சந்துகளெல்லாம் அத்துப்படி. சரி, சத்தம் எப்படி இருக்கு, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கண்ணே என்றார். அவருக்கு இவருடைய கை தெரியாது. அந்தக் கை பேண்ட் பைக்குள் இருந்தது.

வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாரைத் தோளில் மாட்டி, பழைய வழக்கப்படியே கிடாரை நட்டக்குத்தலாக நெஞ்சில் சாய்த்தார். சாவிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். விபத்துக்குப் பிறகு அதை அவர் தொட்டது அன்றைக்குத்தான். வலது கையால் ஒரு தடவை மீட்டினார். வெறும் கம்பி, எதையும் அழுத்தாத சத்தம். பாய் மரியாதையாகக் கேட்டார், பிறகு, "பாட்டு மாதிரி வரலியேண்ணே" என்றார்.

வெளியே மழை. ஜெமி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பாமலே கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. அந்தக் கையக் குடு."

எதற்கு என்று தெரியாமல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். கிடாரின் கழுத்து அவருடைய இடது தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. என் இடது கையைப் பிடித்து அதன் மேல் கொண்டுபோய் வைத்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கம்பிக் கட்டுகளில் ரெண்டாவதுக்குப் பக்கத்தில், தடிச்ச கம்பியை விட்டுவிட்டு அதற்கடுத்த ரெண்டையும் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். ஃபால்ஸ் தைக்கும்போது சேலைக்கு அடியில் இருக்கிற விரல்தான் ஊசிக் குத்தெல்லாம் வாங்கும். என் இடது கை விரல் நுனிகள் கட்டை மாதிரி காய்த்துக் கிடக்கின்றன, கம்பி எனக்கு வலிக்கவே இல்லை.

அவர் மீட்டினார்.

மழை நேரத்து ஹால் முழுக்க ஒரு சத்தம் பரவி நின்றது. பீரோ மேலிருந்து வந்துகொண்டிருந்த முனகல்தான் வாய் திறந்து பேசின மாதிரி இருந்தது எனக்கு. அது என் விரலுக்குள் ஓடி, மணிக்கட்டு வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாகக் காதால் கேட்டதை முதல் தடவை கையால் கேட்டேன். "அப்படியே அடுத்த ரெண்டு கம்பிக்குத் தள்ளு" என்றார். தள்ளினேன். வேறு சத்தம் வந்தது. "பழையபடி வா" என்றார். வந்தேன். முன்னுக்கும் பின்னுக்குமாக நாங்கள் எவ்வளவு நேரம் போய் வந்தோம் என்று தெரியாது. அவர் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. செருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பாடிக்கொண்டிருந்தார்.

நஸீர் பாய் முகம் மலர்ந்துவிட்டது. "இது பாட்டு. எடுத்துக்கிறேண்ணே" என்று எழுந்தார்.

ஜெமி அப்பா தலையாட்டிவிட்டு, தோளிலிருந்து வாரைக் கழற்றப் போனார். கழற்ற முடியவில்லை. கிடாரின் கழுத்தை நான் விடவில்லை. விடக்கூடாது என்று யோசித்து ஒன்றும் செய்யவில்லை. கை அங்கேயே இருந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க பாய்" என்றேன். "இத விக்கலை."

"மம்மி, தூ ஹீ தோ போலி தீ!" என்று கத்தினாள் ஜெமி. நீதானே விற்கச் சொன்னாய் என்கிறாள். நான்தான் சொன்னேன், யார் இல்லையென்றது? பாய்க்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. நனைஞ்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கேனேக்கா, முடிவு பண்ணிட்டுல்லா விளம்பரம் போடணும் என்றார். டீயும் சுடச்சுட வடையும் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். ஜெமி போனிலேயே வேறொரு கிடாரைத் தேடிப் பிடித்து, விற்கிறவரிடம் பேசியும் கொடுத்தாள். படியிறங்கும்போது பாய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

இத்தனை அமளியிலும் ஜெமி அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாய் போன பிறகு மெல்லக் கேட்டார். "மூணு விரலு வைக்கிறது ஒண்ணு இருக்கு. முடியுமா உன்னால?"

5

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரே சண்டைதான். நான் சேலை தைத்து முடித்துச் சமையலுக்குப் போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடாரோடு உட்காருவோம். விரல் வைக்கிற ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர் உண்டு, அதெல்லாம் எனக்கு நிற்காது. ரெண்டு விரல், மூணு விரல், சனியன் பிடிச்சது என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். அவர் "மாத்து" என்று சொன்னால் நான் மாற்ற வேண்டும். நான் மாற்றுவதற்குள் பாட்டு ஒரு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். எருமை மாட்டுக்குக்கூட இதற்குள் கை வந்திருக்கும் என்பார். எருமைக்குக் கை ஏது என்பேன். ஜெமி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போகிற வழியில் ஒருநாள், "டாடி பாடுறாங்க" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மழை மாசங்கள் எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கின்றன. நான் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் விரல்கள் தாமாக இடம் மாறிக்கொண்டிருக்கும். சேலைக்கு அடியில் ஊசி வரும் இடத்தில் மூணு விரல் வைத்துப் பார்ப்பேன். எங்கே தைக்கிறேன், எங்கே வாசிக்கிறேன் என்று கலங்கிப்போய், ஒரு பட்டுச் சேலைக்கு முந்தானைப் பக்கம் ஃபால்ஸ் வைத்துத் தைத்து, பிரித்து மறுபடி தைத்தேன்.

டிசம்பர் வந்தது. கேரல் ரவுண்ட்ஸுக்கு இப்போது போலீஸ் பர்மிஷன் வேண்டும். அந்த ஆபீசுக்கும் இந்த ஆபீசுக்குமாக நடந்து, பாட்டுக் குழு செக்ரட்டரிக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இருட்டுவதற்கு முன்னாலேயே புறப்பட்டு, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று கண்டிஷன். தாராவியில் சர்ச் வாசலில் கூடினோம். கிடாரோடு ஜெமி அப்பாவைப் பார்த்ததும் எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள், பிறகு வேறெங்கோ பார்த்தார்கள். ஜெமி ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தாள், போனில் ஆங்கில எழுத்துப் பாட்டோடு.

சந்துக்குள் நுழையும்போது வழக்கம்போல ஒருவர் பின் ஒருவராக ஆனோம். அவர் முன்னால், நான் அவருக்குப் பின்னால். முதல் வாசலில் நின்றோம். அவர் கிடாரை நிமிர்த்தினார். நான் கையைத் தூக்கினேன், நடுவழியில் நின்றுவிட்டது. வீட்டுக்குள் எத்தனையோ நாள் பழகினதுதான். இது வெளி இடம். நாலு பேர் முன்னால் நான் அவர் தோளைத் தொட்டதே கிடையாது. இங்கே எல்லோரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் வேறு.

"என்ன எஸ்தர் அக்கா, மாமாவ ஓடிப்போயிராம புடிச்சுக்கிடப் போறியளா?" என்றாள் பின்னால் நின்ற கிரேஸ், தையலில் எனக்குக் கூட்டாளி. சிரிப்பு அலை அலையாகக் கடைசி ஆள் வரை போயிற்று. எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவருக்கும் சுட்டிருக்கும். ஆனால் அவர் திரும்பவில்லை, தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். கையை வைத்தேன்.

பாட்டு கிளம்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் தப்புப் பண்ணாத வாசல் கிடையாது. ஆனால் கூட்டத்தின் குரல் அதையெல்லாம் மூடிக்கொண்டது. "மாத்து", "மாத்து" என்று அவர் மூச்சோடு மூச்சாகச் சொல்வது எனக்கு மட்டும் கேட்டது. கதவுகள் மேலெல்லாம் சர்வே எண் எழுதியிருந்தார்கள். இடித்துக் கட்டப்போகிறார்கள், எப்போது என்று யாருக்கும் தெரியாது. யாருக்கு எங்கே வீடு என்றும் தெரியாது. அந்த எண்களுக்குக் கீழே நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள், வழக்கம்போல.

எங்கள் பழைய வீடு வந்தது. அதன் கதவிலும் ஒரு எண். இப்போது அங்கே பீகார்க்காரக் குடும்பம் இருக்கிறது, எங்கள் பாட்டு அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் அந்தப் பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றாள். தகரங்களுக்கு நடுவே அதே ரிப்பன் வானம். நான் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள், நான் வெளியே நிற்கிறேன். பாட்டில் பாதி வந்த பிறகுதான் கவனித்தேன், அவர் 'மாத்து' சொல்வதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. மூச்சு விடும்போது தோள் அசைகிற அசைவிலேயே என் கை மாறிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. பின்னாலிருந்தவர்கள் எங்களை உரசிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்கள். கிரேஸ் போனாள், ஜெமி போனாள். அவர் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றார்.

நான் விரலை எடுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை மீட்டுவார்.